மூடி விழுந்த பியானோ

கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பேன். பதில் தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள், தெரியாதவர் விரலை எண்ணிக்கொண்டு கேளுங்கள்.

நாகர்கோவிலில் ஒரு வீடு. அதில் கல் மாதிரி கனக்கும் மூடி போட்ட பழைய பியானோ ஒன்று. வாசிக்க மூன்று உடன்பிறப்புகள்: மூத்தவன் பிரைட்சிங், நடுவன் எமர்சன், கடைக்குட்டி ரெஜிலா. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாட்டு மூவருக்கும் வரும். கை நீட்டுவது மட்டும் பிரைட்சிங்குக்குத்தான் வரும்.

பள்ளிக்கூட வயதில், தம்பி அண்ணனைவிட நன்றாக வாசிக்கிறான் என்று போதகர் சொல்லித் தொலைத்தார். அன்று சாயங்காலம் எமர்சன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பிரைட்சிங் மூடியை ஓங்கி அடித்துச் சாத்தினான். தம்பி வலது கையை இழுத்துக்கொண்டான். இடது கையின் சுண்டுவிரல் மாட்டிக்கொண்டது. நசுங்கிய விரலை ஆஸ்பத்திரியில் எடுத்தே விட்டார்கள். மூடி தானாக விழுந்ததென்று எல்லோருக்கும் சொல்லப்பட்டது.

போன ஐப்பசிக் கடைசியில் அதே மூடி இன்னொரு தடவை 'தானாக' விழுந்தது. இந்த முறை ரெஜிலாவின் இடது கை. விரலும் அதே சுண்டுவிரல். அந்த மூடிக்கு அதில் அப்படி என்ன ருசியோ! அலறல் கேட்டு ஓடிவந்த எமர்சன், தாளம் காட்டும் மரப்பெட்டியைத் தூக்கி அண்ணன் மண்டையில் போட்டான். மண்டை உடைந்த நிலையிலும் அண்ணன் தம்பியின் முன்பல்லைக் கழற்றினான். தரையெல்லாம் ரத்தம். யார் ரத்தம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரெஜிலாவின் விரலையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் கணினி ஒன்றுதான். சுரக்குறிப்பு எழுதும் மென்பொருளை மூவரும் அதில்தான் திறப்பார்கள், மூடுவார்கள். கடவுச்சொல் கிடையாது. எழுதியதை ஒரு பொத்தானை அழுத்தினால் மென்பொருளே வாசித்துக் காட்டிவிடும்.

சென்னையில் மாணவர்களுக்கான பியானோ பாட்டுகளை அச்சிடும் பதிப்பகம் ஒன்று இருந்தது. கையால் எழுதி அனுப்பினால் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள், மென்பொருளில்தான் எழுத வேண்டும். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று எண்ணும் போட வேண்டும். பெருவிரலுக்கு ஒன்று, சுண்டுவிரலுக்கு ஐந்து. எழுதியவர் தம் கையால் வாசித்துப் பார்த்துத்தான் அந்த எண்ணைப் போட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். மென்பொருளுக்கு விரல் ஏது? எந்த எண்ணைப் போட்டாலும் அது பாட்டுக்கு வாசிக்கும். பாட்டு தேர்வானால் பெயர் அச்சாகும், அவர்கள் நடத்தும் பள்ளியில் வேலையும் தங்க அறையும் கிடைக்கும். மூவரும் அந்த அறைக்கு ஆசைப்பட்டார்கள். ரெஜிலாவுக்கு அது ஆசை மட்டுமில்லை. கிடைக்காவிட்டால் அந்த மூடிக்கும் அதைச் சாத்தும் கைக்கும் நடுவில்தான் அவள் திரும்பிப் போக வேண்டும்.

தை மாதம் ஒரே பாட்டு மூன்று பெயரில் வந்தது. ஒரு புள்ளிகூட மாறவில்லை. பதிப்பாசிரியை கிளாடிஸ் மூவரையும் வரவழைத்தார்.

"ஐப்பசி பொறக்கும்போ தொடங்கினேன், மார்கழியில முடிச்சேன். எனக்க பாட்டு" என்றாள் ரெஜிலா.

"பொய். எனக்க பாட்டாக்கும்" என்றான் எமர்சன்.

பிரைட்சிங் வாயால் பேசவில்லை. தம்பியின் முகத்தை மேசையில் மோதினான், மூக்கு உடைந்தது. தடுக்க வந்த தங்கையின் இடது கையைப் பிடித்து முறுக்கினான். ஆறிவந்த தழும்பு பிளந்து ரத்தம் சொட்டியது. காவலாளிகள் வந்து பிடித்து உட்காரவைத்தார்கள்.

"இனி பேச்சு வேண்டாம்" என்றார் கிளாடிஸ். "தாளில் போட்டிருக்கும் விரல்படியே ஒவ்வொருவரும் வாசியுங்கள்."

எமர்சன் மூக்கில் துணியை அடைத்துக்கொண்டு அங்கிருந்த பியானோ முன் உட்கார்ந்தான். முன்பாதியில் தடுக்கித் தடுக்கி விழுந்தான், பின்பாதியைச் சரளமாக வாசித்தான். ரெஜிலாவுக்கும் அப்படியே. முன்பாதியில் அவள் இடது கை தவித்தது, வெள்ளைக் கட்டைகள் சிவந்தன. பின்பாதி தண்ணீர்போல ஓடியது.

பிரைட்சிங் இடது சுண்டுவிரலில் தங்க மோதிரம் போட்டிருந்தான். முன்பாதி முழுக்க அந்த மோதிரம் மேலும் கீழும் குதித்து மின்னியது. பின்பாதியில் அது அசையாமல் இருந்தது. ஆனால் ஓர் இடத்தில்கூட அவன் பிசகவில்லை. அறையில் இருந்தவர்கள் தம்மை மறந்து கைதட்டினார்கள்.

"முழுசா வாசிச்சது நான் ஒருத்தன்தான். பெறகு என்ன விசாரணை?" என்றான்.

கேட்டவர்களே, பாட்டு யாருடையது? நன்றாக வாசித்தவனுடையதா, சிறுவயதிலேயே விரலைப் பறிகொடுத்தவனுடையதா, இப்போது பறிகொடுத்தவளுடையதா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

*

பாட்டு ரெஜிலாவுடையது. தாளின் முன்பாதியில் இடது கைக்கு ஐந்து என்ற எண் நிறைய இருக்கிறது, பின்பாதியில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் மோதிரம் சும்மா இருந்தது. பிரைட்சிங் எழுதியிருந்தால் கடைசிவரை ஐந்து வந்திருக்கும். எமர்சன் எழுதியிருந்தால் முதல் வரியிலேயே வந்திருக்காது. எழுதத் தொடங்கும்போது இருந்து முடிக்கும்போது இல்லாமற்போன விரல் அவளுடையது மட்டுமே. பொய் சொன்னது ஏன் என்று கிளாடிஸ் கேட்டதற்கு, "எனக்க வெரலு போனப்போ யாரும் விசாரிக்கல்ல மேடம்" என்று எமர்சன் அழுதான். பிரைட்சிங்கிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தான் அடித்த அடியை அத்தனை பேர் முன்னால் அவனே பிசகில்லாமல் வாசித்துக் காட்டிவிட்டான், கைதட்டலும் வாங்கிவிட்டான். அவனைக் கூட்டிப்போகப் போலீஸ் வந்தபோது மோதிரத்தைக் கழற்றப் பார்த்தான், அது வரவில்லை. ரெஜிலா ஊருக்குத் திரும்பவில்லை.