ஒரு கண் தண்ணீர் மேல்

ஆம்பல் குளத்தில் ஒரு முதலை குடியிருந்தது. குடியிருந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. தண்ணீர் குடிக்க வரும் குட்டிகளின் காலைப் பிடித்து இழுத்ததுதான் வருத்தம்.

யானைத் தலைவி செங்கமலம் காடு முழுக்கக் கேட்கும்படி பிளிறியது.

"குளத்துக்குக் காவல் வேணும்! வேலை கிடைக்கிறவங்களுக்குக் கரைமேடு சொந்தம். அங்கே வேற யாரும் கால் வைக்கக் கூடாது! வர்றவங்க, உங்க திறமையை என்கிட்ட வந்து சொல்லுங்க!"

அதைக் கேட்டு ஆள்காட்டிக் குருவி தித்தி துள்ளிக் குதித்தது. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். போன வருடம் இட்ட முட்டைகளைக் காட்டெருமைகள் மிதித்துவிட்டன. பாவம், அவை வேண்டுமென்றா மிதித்தன? ஆனாலும் தித்தி அழுத அழுகை அதற்குத்தான் தெரியும். இந்த வருட முட்டைகளுக்கு அந்த மேடு கிடைத்தே ஆக வேண்டும்.

தித்தி நேரே ஏஐ பெட்டியிடம் ஓடியது. அந்தப் பெட்டி நகரத்திலிருந்து குரங்கு கொண்டுவந்தது. எப்படிக் கொண்டுவந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், குரங்குக்குக் கோபம் வரும். யார் எதைக் கேட்டாலும் பெட்டி அழகாகச் சொல்லித் தரும்.

"காவல் வேலைக்குப் பேச ஒரு நல்ல பேச்சு வேணும்! சீக்கிரம்!" என்றது தித்தி.

பெட்டி கணீரென்று சொன்னது: "கழுகின் பார்வையும் புலியின் வீரமும் ஒருங்கே பெற்றவன் நான்! மர உச்சியில் அமர்ந்து, ஓசையின்றிக் கண்காணிப்பேன்!"

தித்திக்குத் தலைகால் புரியவில்லை. அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கணவனிடம் ஒப்பித்தது. கணவன் குருவி விழுந்து விழுந்து சிரித்தது.

"நீ எப்ப மரத்துல உக்காந்த? நம்ம காலு கிளையைப் பிடிக்கவே பிடிக்காதே! அதுவும் ஓசையில்லாமலா? நீ போட்ட சத்தத்துல போன வாரம் மான்கூட்டமே ஊரைக் காலி பண்ணிட்டுப் போச்சே!"

தித்திக்கு மூக்குக்கு மேல் கோபம். பெட்டியிடம் திரும்பி வந்தது.

"ஏ பெட்டி! இந்தப் பேச்சுல நான் எங்கே இருக்கேன்?"

"நீ யாரென்று நீ சொல்லவே இல்லையே! காவல் வேலை என்றாய். காவலுக்கு எல்லோரும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்" என்றது பெட்டி.

தித்தி பெட்டியின் முன்னால் உட்கார்ந்தது. பிறகு தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது. மரம் ஏறத் தெரியாததைச் சொன்னது. எது அசைந்தாலும் கத்திவிடும் பழக்கத்தை வெட்கத்தோடு சொன்னது.

"முதலை வருவதை எப்படிக் கண்டுபிடிப்பாய்? தலைவி கேட்கலாம்" என்றது பெட்டி.

"அது வந்தா தவளைங்க சத்தம் சட்டுனு நின்னுடும். அப்புறம் தண்ணியில ஒரு கோடு ஓடும்!"

"இதை முதலில் சொல்! உன் சத்தத்துக்காக வெட்கப்படாதே, காவலுக்கு அதுதான் தேவை. இன்னொன்று, தலைவிக்கு நேராக நின்று பேசு. அங்கே இங்கே பார்க்காதே."

தித்தி தலையைச் சாய்த்து யோசித்தது. "தண்ணிக்கு முதுகைக் காட்டிக்கிட்டா? அது மட்டும் நம்மால ஆகாது!" என்று அந்த ஒரு யோசனையைப் பெட்டியிடமே விட்டுவிட்டு வந்தது.

மறுநாள் குளக்கரையில் நாவல் மரத்தடியில் செங்கமலம் நின்றது. சொன்னால் கேட்காத அதன் குட்டி, கரையோரத் தண்ணீரில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குளத்துக்கு முதுகைக் காட்டி, தலைவியைப் பார்த்துப் பேசினார்கள். அதுதான் அங்கே மரியாதை.

நரி தொண்டையைச் செருமியது. "கழுகின் பார்வையும் புலியின் வீரமும்..."

அடுத்து முயல் வந்தது. "கழுகின் பார்வையும் புலியின் வீரமும்..."

முள்ளம்பன்றியும் வாயைத் திறந்தது. "கழுகின்..."

"நிறுத்து!" என்றது செங்கமலம். "இந்தக் காட்டுல கழுகைத் தவிர எல்லாருக்கும் கழுகுப் பார்வையா இருக்கு! முயலே, மர உச்சியில உக்காருவேன்னு சொன்னியே, ஏறு பாப்போம்!"

முயல் அடிமரத்தைக் கட்டிப்பிடித்தது. பொத்தென்று விழுந்தது.

"நரியே, உன் வீரத்தைப் பாக்கப் புலியைக் கூப்பிடட்டுமா?"

"வீட்டுல கொஞ்சம் வேலை இருக்குங்க!" நரி போன வழி தெரியவில்லை.

கடைசியாகத் தித்தி வந்தது. பக்கவாட்டில் திரும்பி நின்றது.

"இது என்ன மரியாதை? என்னைப் பாத்துப் பேசு!" என்று அதட்டியது செங்கமலம்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன், தலைவியம்மா! ஒரு கண்ணு உங்க மேல, ஒரு கண்ணு தண்ணி மேல. எனக்கு மரம் ஏறத் தெரியாது. தரையிலதான் குடித்தனம். முதலை வந்தா முதல்ல தவளைங்க..."

தித்தி பாதியில் நிறுத்தியது. தவளைச் சத்தம் நின்றிருந்தது!

"டிட்டி டிட்டீ! டிட்டி டிட்டீ!"

காடே அதிர்ந்தது. குட்டியானை பயந்துபோய்க் கரைக்குப் பாய்ந்தது. அது நின்ற இடத்தில் முதலையின் வாய் 'டபக்'கென்று மூடியது. சிக்கியது ஓர் ஆம்பல் இலை.

"சே! பேச்சை முடிச்சுட்டுக் கத்தியிருக்கக் கூடாதா!" என்று இலையைத் துப்பிவிட்டு முதலை முங்கியது.

செங்கமலம் குட்டியைத் தும்பிக்கையால் இறுக அணைத்துக்கொண்டது.

"ஐயையோ, எதுல விட்டேன்னு மறந்துபோச்சு! மீதியைச் சொல்லட்டுமா, தலைவியம்மா?" என்று தித்தி பதறியது.

"சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிட்ட, கண்ணு! மேடு உன்னோடது!"

அந்த வருடம் கரைமேட்டில் தித்தியின் குஞ்சுகள் பொரிந்தன. காட்டெருமைகள் மேட்டைச் சுற்றிக்கொண்டு போயின. குஞ்சுகளும் கத்தப் பழகியதில், குளக்கரையில் பகல் தூக்கம் என்பதே யாருக்கும் இல்லாமல் போனது!

"பெட்டிக்கு நன்றி சொன்னியா?" என்று கேட்டது கணவன் குருவி.

"சொன்னேன்! அங்கே இங்கே பாக்காதேன்னு சொன்னது மட்டும் தப்புன்னும் சொல்லிட்டு வந்தேன்!"

வேலை தேடும்போது ஏஐயிடம் தாராளமாக உதவி கேட்கலாம், ஆனால் அது சொல்வதில் நமக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு நம் உண்மையான திறமையைச் சொன்னால்தான் அந்த உதவி நமக்குப் பயன்படும்.