மூன்று முறை தட்டிய ஒலிவ மரம்

கடலுக்கு அப்பால் ஒரு மலைநாடு. அதை எந்த ராஜா ஆண்டார் என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள், ஒலிவ மரங்கள் மட்டும் அப்படியே நின்றன. அவ்வளவு பழைய கதை இது.

ஒலிவப் பழம் பார்வைக்கு நாவற்பழம் போல இருக்கும். ஆசைப்பட்டுப் பறித்து வாயில் போட்டுவிடாதீர்கள், வேப்பங்காயே தோற்றுப்போகும்! உப்புத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறினால்தான் அதைத் தின்ன முடியும். செக்கில் நசுங்கினால் எண்ணெய் தரும்.

அந்த ஊரில் அந்த மரத்துக்கு மூன்று பெயர்கள். தோப்புக்காரர்கள் 'எண்ணெய்' என்பார்கள். அந்த எண்ணெயில் விளக்கேற்றும் கோயில்காரர்கள் 'வெளிச்சம்' என்பார்கள். ஏழைகள் 'மீதி' என்பார்கள்.

ஏன் மீதி? பழுத்த காலத்தில் நீண்ட கழியால் கிளைகளைத் தட்டுவார்கள். கீழே விரித்த துணியில் பழங்கள் உதிரும். ஒரு முறைதான் தட்டலாம். அதற்குப் பிறகும் மரத்தில் நிற்பதெல்லாம் நிலமில்லாதவர்களுக்கு. அது ஊர் வழக்கம்.

அங்கே எலியாப் என்று ஒரு தோப்புக்காரர் இருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அவளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வருமா? ஒரு முறை தட்டி முடித்ததும் அண்ணாந்து பார்த்தார். உச்சியில் இன்னும் பழங்கள் தெரிந்தன.

"இன்னொரு தடவ தட்டுங்கப்பா," என்றார் வேலையாட்களிடம்.

வேலியோரம் கூடையோடு காத்திருந்தாள் சில்லா. கணவனை இழந்தவள். அவளும் கண் தெரியாத மாமியாரும் அந்த மீதியை வைத்துத்தான் வருஷத்தை ஓட்டவேண்டும். பதறி ஓடிவந்தாள்.

"ஐயா, ஒரு தடவ தட்டியாச்சே. மிச்சத்த எங்களுக்கு விட்டுடுங்கய்யா."

"இது என் மரம்மா. இதுக்கு எண்ணெய்னு பேரு."

"எங்க வீட்ல இதுக்கு மீதின்னு பேருங்க."

எலியாப் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் முறை தட்டினார்கள். ஆசை விட்டதா? மூன்றாம் முறையும் தட்டினார்கள். பழம் கொஞ்சம் விழுந்தது. இளங்கொம்புகள்தான் நிறைய ஒடிந்து விழுந்தன. சில்லா வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சொல்லும்போதே எனக்கு மனசு தாங்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க ஊராருக்கு மாவு அரைத்துப் போட்டுத்தான் அவள் மாமியாரைக் காப்பாற்றினாள்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. இருந்ததையெல்லாம் எலியாப் மகளோடு அனுப்பிவைத்தார்.

அடுத்த வருஷம் மற்ற தோப்புகளில் மரம் கொள்ளாத பழம். எலியாப் தோப்பில் வெறும் இலை. ஒலிவ மரம் போன வருஷம் துளிர்த்த கொம்பில்தான் இந்த வருஷம் காய்க்கும். அந்தக் கொம்புகளைத்தானே அவர் அடித்து ஒடித்திருந்தார்!

வீட்டுச் சாடிகள் காலி. பசி பொல்லாதது. எலியாப் துண்டால் தலையை மூடிக்கொண்டு, கூடையோடு அடுத்தவர் தோப்புக்குப் போய் ஒதுங்கி நின்றார்.

ஏழைகளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? ஒருவன் சிரித்தான். ஒருவன் காறித் துப்பினான். ஒருவன், "வந்துட்டாருய்யா, மூணு தடவ தட்டினவரு!" என்று கத்தினான். எலியாப் தலைகுனிந்து திரும்பி நடந்தார்.

"ஐயா, நில்லுங்க."

சில்லாவின் குரல். அவர் திரும்பிப் பார்த்தார்.

"உங்களால மரம் ஏற முடியாது. கீழ்க்கொம்புல நீங்க பறிங்க. நான் மேல ஏறிக்கிறேன்."

"எனக்கா விட்டுத் தர்ற? நான் உனக்கு ஒரு பழம்கூட விடலையேம்மா!"

"பசிச்சு வந்திருக்கீங்க. வேற என்ன பார்க்கணும்?" என்று சொல்லி அவள் விறுவிறுவென்று மரமேறிவிட்டாள்.

எலியாப் கீழ்க்கொம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

ஆகவே கதை கேட்டவர்களே, இல்லாதவர்களுக்கென்று விட்ட பங்கில் கை வைக்காதீர்கள், நாளை அது நமக்கே வேண்டியிருக்கும்.