பண்டிதர் பரிசல் விட்ட கதை

எந்தக் காலம் என்று கேட்டு என்னை மடக்காதீர்கள். ரொம்ப நாளைக்கு முன்னால் மாம்பொழில் நாட்டை அதிரவர்மன் என்றொரு ராஜா ஆண்டார். காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானம் சாப்பிட்டதும் மாற்றிவிடுவார். அவருக்கு ஒரே மகள், அல்லியங்கோதை. ஆற்றில் பரிசல் விடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கணக்கு என்றால் மட்டும் ஓடி ஒளிவாள்.

அரண்மனைப் பள்ளியில் அவளுடைய ஆசிரியர் அனந்தகோடி பண்டிதர். மந்திரி உலகுடையாரின் பேச்சை ராஜாவும் மகளும் கேட்பதில் அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல். ஒருநாள் சபையில் எழுந்து, "அரசே, இளவரசி மண்டையில் களிமண்தான் இருக்கிறது. வகுத்தல்கூட வரவில்லை. மந்திரியார் வேண்டுமானால் மெச்சிக்கொள்ளட்டும்" என்றார்.

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தைப்பூசத்துக்குள் கணக்கு வராவிட்டால் பட்டம் என் தம்பி மகனுக்குத்தான்!"

அல்லி தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். பாவம்.

மந்திரி மெதுவாகக் கேட்டார். "பண்டிதரே, உமக்கு வராத வித்தை உண்டா?"

"கிடையாது."

"அப்படியானால் நாளைக்குப் பரிசலில் ஆற்றைக் கடந்து காட்டும்."

"இதென்ன பிரமாதம்?"

மறுநாள் ஊரே கரையில் கூடிவிட்டது. பண்டிதர் துடுப்பை இடது பக்கம் போட்டார், பரிசல் சுற்றியது. வலது பக்கம் போட்டார், மறுபடி சுற்றியது. ஜனங்கள் சிரிக்கச் சிரிக்க அவர் துடுப்பைத் தாறுமாறாகப் போட்டார். தலைப்பாகை வேறு அவிழ்ந்து ஆற்றோடு போய்விட்டது.

அல்லிக்குத்தான் பொறுக்கவில்லை. "யாரும் சிரிக்கக் கூடாது" என்று கூட்டத்தை அதட்டிவிட்டு, நீந்திப்போய்ப் பரிசலில் ஏறினாள்.

"எதிலிருந்து தெரியவில்லை, ஐயா?"

"உட்காரவே தெரியவில்லை, அம்மா."

"சரி, அதிலிருந்தே ஆரம்பிப்போம். முட்டி போடுங்கள். துடுப்பை முன்னால் போட்டு உங்கள் பக்கம் இழுங்கள். ஆ, வந்துவிட்டது பாருங்கள்!"

உச்சிவேளைக்குள் பண்டிதர் தானே துடுப்புப் போட்டு அக்கரை சேர்ந்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இறங்கியதும் கேட்டார், "உனக்கு வகுத்தல் எங்கே அம்மா விட்டுப்போனது?"

"அம்மை போட்டுப் படுத்திருந்தபோது நடத்திவிட்டீர்கள். வந்து கேட்டேன். 'இதுகூடத் தெரியாதா' என்றீர்கள், கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் எதையும் நான் கேட்கவே இல்லை."

பண்டிதருக்கு முகம் தொங்கிப்போனது. "என் தப்பு, தாயே. நாளைக்கு அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்" என்றார்.

தைப்பூசத்தன்று சபையில் ராஜாவே ஓலையைப் பார்த்துக் கணக்குக் கொடுத்தார். அல்லியின் முதல் விடை தப்பு. சபை கிசுகிசுத்தது. அவள் ஓடி ஒளியவில்லை. "பொறுங்கள், எங்கே தவறினேன் என்று பார்க்கிறேன்" என்று நிதானமாகத் திருத்திச் சரியான விடையைச் சொன்னாள். மந்திரி வாயெல்லாம் பல்.

ராஜா பட்டத்துக் கத்தியை மகளுக்கும் முத்துமாலையை மந்திரிக்கும் கொடுத்தார். "பண்டிதரே, வருஷா வருஷம் பள்ளி திறக்கும் நாளில் உமக்குத் தெரியாத வித்தை ஒன்றைப் பிள்ளைகள் முன்னால் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று உத்தரவும் போட்டார். இந்தச் சட்டத்தை மட்டும் அவர் சாப்பிட்ட பிறகும் மாற்றவில்லை.

சபை கலைந்ததும் பண்டிதரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்து, ராஜா காதோடு சொன்னார்: "நாளைக்குப் பாடத்துக்கு நானும் வருகிறேன். எனக்கு வகுத்தலிலிருந்து வேண்டாம், கூட்டலிலிருந்தே ஆரம்பியும்."