வெட்டிய பச்சை வயர்

ஆம்ப்ளிஃபயர் கட்டச் சொல்லித் தருவதில் திண்டுக்கல்லில் பர்வீன் டீச்சருக்குப் பெயர் உண்டு. அவரிடம் படிக்க வந்தவர்களில் குழந்தைவேலு, டீச்சரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இவரை டீச்சர் என்பார். இவர் அவரை சார் என்பார்.

ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மரை வைத்தால் அதன் உறுமல் பாட்டில் கலந்துவிடும். அதனால் அது அடங்கிய பவர் சப்ளையைத் தனி இரும்புப் பெட்டியில் கட்டி, கேபிள் வழியாக இணைப்பார்கள். குழந்தைவேலு தன் நண்பர் சந்தியாகுவுக்காக அப்படி ஒரு ஜோடி கட்டினார். மூன்று வாரம் பிடித்தது. முடித்துப் போட்டுப் பார்த்தால், அப்போதும் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல்.

எங்கெங்கோ தேடினார். கடைசியில், கரண்டு கசிந்தால் ஷாக் அடிக்காமல் காப்பதற்காகப் பெட்டியின் தகட்டோடு முடுக்கியிருந்த பச்சை எர்த் வயரைக் கழற்றிப் பார்த்தார். இரைச்சல் நின்றது. திரும்ப மாட்டினார், வந்தது.

வயரை வெட்டி, முனையில் டேப் சுற்றி, மூடியைத் திருகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆளாளுக்கு ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார்கள். “ஓடுதா, அணைச்சிருக்கான்னே தெரியலையே!”

“இரைச்சலை எப்படி சார் எடுத்தீங்க?” என்று டீச்சரே கேட்டார்.

“பொறுமையா உட்கார்ந்து பார்த்தேன்” என்றார் குழந்தைவேலு.

இரண்டு மாதம் போயிற்று. சந்தியாகுவின் மனைவி செலின் தரை துடைக்கும்போது ஈரக்கை அந்த இரும்புப் பெட்டியில் பட்டது. ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கை வெந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

வீட்டுக்கு வந்தபிறகு குழந்தைவேலு பார்க்கப் போனார்.

“உன் பெட்டி மேல ஒண்ணும் தப்பில்ல வேலு” என்றார் சந்தியாகு. “வீடு எங்க அப்பா காலத்துது. வயரிங் இத்துப்போச்சு. சுவரை உடைச்சு எல்லாத்தையும் மாத்தப் போறேன். நாளைக்கு மத்தியானம் கொத்தனார் வர்றார்.”

செலின் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “அண்ணனுக்கு முதல்ல காப்பி குடுங்க” என்றார்.

குழந்தைவேலு காப்பியைக் குடித்தார். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலையில் டீச்சர் முன்னால் போய் நின்றார்.

“ஒரு சந்தேகம் டீச்சர். எர்த் கொடுத்தும் ஒரு பெட்டி ஷாக் அடிக்குமா?”

“எந்தப் பெட்டி சார்?”

குழந்தைவேலு பையை மேசைமேல் வைத்தார். டீச்சர் மூடியைக் கழற்றினார். உள்ளே வரும் கரண்டு வயர் தகட்டின் விளிம்பில் உரசி உரிந்திருந்தது. பக்கத்திலேயே அந்தப் பச்சை வயர். டீச்சர் அதை விரலால் தூக்கிப் பார்த்தார்.

“டேப் நல்லா சுத்தியிருக்கீங்க.”

குழந்தைவேலுவுக்குக் காதுவரை சுட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

“இப்ப அவங்க என்ன நினைக்கிறாங்க?”

“வீட்டு வயரிங்தான் கெட்டுப்போச்சுன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

குழந்தைவேலு மேசையில் கிடந்த மூடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

டீச்சர் உரிந்த வயரை மாற்றினார். அது நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டார். பெயிண்டைச் சுரண்டிவிட்டு, புதுப் பச்சை வயரைத் தகட்டோடு போல்ட் போட்டு முடுக்கினார். மீட்டர் வைத்து இரண்டு தடவை சோதித்தார். பிறகு ஆம்ப்ளிஃபயரை மாட்டி சுவிட்சைப் போட்டார்.

‘உம்ம்’ என்றது.

“இந்தச் சத்தத்துக்காகத்தான் டீச்சர்…”

“தெரியுது.”

“எர்த்தை வச்சுக்கிட்டே இதை எடுக்க முடியுமா?”

“முடியும். பத்து நிமிஷ வேலை.”

குழந்தைவேலு கண்ணை மூடித் திறந்தார். “சொல்லிக் குடுங்க டீச்சர். சுத்தமா சரி பண்ணிக் கொண்டுபோய்க் குடுத்துடறேன்.”

டீச்சர் சுவிட்சை அணைத்தார். இரண்டையும் பையில் வைத்து அவர் கையில் கொடுத்தார்.

“நாளைக்குச் சொல்லித் தர்றேன் சார். இன்னைக்கு, கொத்தனார் வர்றதுக்குள்ள, இப்படியே கொண்டுபோய் அவங்க வீட்டுல போட்டுக் காட்டுங்க. முன்ன இல்லாத சத்தம் இப்ப எதுக்கு வருதுன்னு செலின் கேட்பாங்க.”