சுவருக்கும் முதுகுக்கும் நடுவில்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஒரு ரப்பர் பந்து வேலைக்குச் சேர்ந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான். கர்வம் மட்டும் கம்பெனியைவிடப் பெரிது.

அதை வாங்கி வந்தவர் சூப்பர்வைசர் தண்டபாணி. ஓவர்லாக் மெஷினில் தைக்கும் பொன்னாத்தாள் வலது தோளைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, ஒரு நாள் லீவு வேணுமுங்க. கையை மேல தூக்க முடியறதில்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தர்றேன்."

"வெள்ளிக்கிழமை சரக்கு ஏறோணும், இப்பப் போயி லீவா? இந்தப் பந்தைச் செவுத்துல வெச்சு, சாஞ்சு தேச்சுப் பாருங்கக்கா. ரெண்டு நாள் கழிச்சும் வலிச்சா அப்பப் போயிட்டு வாங்க."

டீ நேரத்தில் பொன்னாத்தாள் சுவரில் சாய்ந்தாள். சுவருக்கும் தோள்பட்டைக்கும் நடுவில் பந்து உருண்டது. சதைக்குள் கல் மாதிரி ஒரு முடிச்சு தட்டுப்பட்டது.

"வழி விடு," என்றது பந்து. "உன்னால்தான் இந்தப் பெண் அழுகிறாள்."

"எனக்குக் கீழே கொஞ்சம் எட்டிப் பார்," என்றது முடிச்சு. "தசைநார் பாதி கிழிந்து கிடக்கிறது. கை மேலே போனால் மீதியும் அறுந்துவிடும். அதனால்தான் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். ரெண்டு நாள் அவளுக்கு வலிக்கட்டும். வலித்தால்தானே லீவு கிடைக்கும்?"

"நல்ல சாக்கு! முடிச்சு என்று இருந்தால் அவிழ வேண்டியதுதான். அதற்குத்தான் என்னைச் செய்திருக்கிறார்கள்."

முடிச்சு கெஞ்சிக் கூத்தாடியது. பந்துக்குக் காதில் விழவில்லை. நல்லது செய்யக் கிளம்பியவர்களுக்குப் பொதுவாகவே காது மந்தம். இரண்டு நாளும் விடாமல் அழுத்தியது. கடைசியில் முடிச்சு தளர்ந்து கரைந்தது.

பொன்னாத்தாள் கையை மெதுவாக அசைத்துப் பார்த்தாள். வலி இல்லை. அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துப் பந்துக்கு உச்சி குளிர்ந்தது.

"லேசாயிருச்சுங்கண்ணா. லீவு வேண்டாமுங்க."

"நாந்தான் சொன்னனே! அப்ப அந்தத் துணிக்கட்டை எடுத்து மேல் தட்டுல வெச்சிருங்க."

அவள் கட்டைத் தலைக்கு மேல் தூக்கினாள். தோளுக்குள்ளே படக்கென்று அறுந்தது. கட்டு கீழே விழுந்தது. கை பக்கவாட்டில் தொங்கியது.

அதற்கப்புறம் பொன்னாத்தாளால் ஊசியில் நூல் கோக்கக்கூட அந்தக் கையைத் தூக்க முடியவில்லை. கம்பெனியும் அவளைக் கூப்பிடவில்லை. தண்டபாணியின் மேசை இழுப்பறைக்குள் கிடந்த பந்து வெட்கத்தில் வெந்துபோனது. செய்த பாவத்தைச் சொல்லி அழ அதற்கு ஆள் இல்லை.

அவளுடைய மெஷினில் ராசாமணி என்பவள் வந்து உட்கார்ந்தாள். சில மாதத்தில் அவளும் தோளைப் பிடித்துக்கொண்டு லீவு கேட்டாள். தண்டபாணி இழுப்பறையைத் திறந்து, பந்தைத் துடைத்துக் கொடுத்தார்.

ராசாமணி சுவரில் சாய்ந்தாள். அவள் சதைக்குள் ஒரு முடிச்சு பயந்து சுருங்கியது.

"இறுக்கிப் பிடித்துக்கொள்," என்றது பந்து. "உன் காலில் விழுகிறேன், விட்டுவிடாதே."

"அப்படியானால் ஏன் என்னை இந்த அழுத்து அழுத்துகிறாய்?"

"நானா அழுத்துகிறேன்? எனக்குப் பின்னால் சுவர் இருக்கிறது. நகர இடமில்லை."

"அப்பாடா, என்ன சுகமுங்கக்கா!" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிவிட்டு, ராசாமணி உடம்பின் பாரம் முழுவதையும் பந்தின்மேல் சாய்த்தாள்.