மாமன் மடி யாருக்கு?

ஒரு வழக்கு சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது. அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையில் அவசரப்பட்டவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

துவரங்குறிச்சிப் பக்கம் ஒரு குலதெய்வக் கோயில். சுகன்யா தன் ஒரு வயது மகளுக்கு அங்கே காது குத்த வந்திருந்தாள். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், தோடும் மாமன் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். அவளுக்கு ஒரே தம்பி, பதினேழு வயது கவின்ராஜ். அப்பா இல்லாத வீடு. புகுந்த வீட்டார் முன்னால் தம்பி பெரிய மனுஷனாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்கு அப்படியொரு ஆசை.

பெரிய மனுஷன் என்ன செய்தான்? கெடா வெட்டு முடிந்து கறி வேகிற நேரத்தில், புளியந்தோப்புக்குப் பின்னால் கூட்டாளிகளோடு பாட்டிலைத் திறந்தான். லோகேஷ் குடிக்கவில்லை. தினகர் அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டான். கவின் நிறுத்தவில்லை. மாமனாயிற்றே!

மேளச்சத்தம் கேட்ட பிறகுதான் சட்டைப் பையைத் தடவினான். தோடு வீட்டு சாமி மாடத்திலேயே இருந்தது. நல்ல நேரம் முடியப்போகிறது. வீட்டுக்கு நாலுவழிச் சாலையில் போய் வர வேண்டும். லைசென்ஸ் எடுக்கிற வயசுகூட ஆகாதவன், தள்ளாடிக்கொண்டே பைக்கில் ஏறினான். அவனைத் தேடி வந்த சித்தி மகள் பவித்ராவையும் விடாமல் மூவரிடமும் சத்தியம் வாங்கினான். "அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அதுக்கு நான் செத்தே போயிரலாம்."

லோகேஷ் சாவியைப் பிடுங்கிக் கோயில் கிணற்றில் எறிந்தான். கவின் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான், அப்புறம் அழுதான். தினகருக்குப் பொறுக்கவில்லை. "நான் ஸ்டெடியாத்தான்டா இருக்கேன், அரை டம்ளர்தானே. கொண்டாந்துர்றேன்" என்று தன் வண்டியை எடுத்தான். லோகேஷ் பார்த்துக்கொண்டு நின்றான். பவித்ரா குறுக்கே போய் மறித்தாள். தினகர் அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

அவள் நேரே கூட்டத்துக்குள் ஓடினாள். "அக்கா, கவின் குடிச்சிருக்கான். தினகரும் குடிச்சிட்டு வண்டியில போயிட்டான். யாராவது போங்க!"

மேளம் நின்றது. சுகன்யாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் கணவன் முரளி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவள் தினகருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். அவன் எடுக்கவே இல்லை. சாலையில் ஹாரன் சத்தம் கேட்டபோதெல்லாம் எல்லோரும் எழுந்து நின்றார்கள், உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்தார்கள். அப்படியொரு காத்திருப்பு எதிரிக்கும் வரக்கூடாது.

தினகர் வந்தான், பின்னாலேயே முரளியின் கார். தினகர் கையில் தோடு இருந்தது. அவன் பைக்கில் ஒரு பக்கக் கண்ணாடியைக் காணோம். எங்கே உடைந்தது என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை.

கவின் உட்காரும் நிலையில் இல்லை. சுகன்யா சொன்னாள்: "என் தம்பியக் காப்பாத்துனவங்க மடியிலதான் எம்பிள்ளை உக்காரும்."

"அவனுக்குப் பதிலா நான் போனேன், தோடும் வந்துருச்சு" என்றான் தினகர். "சாவியப் பிடுங்குனது நான். சத்தியத்தையும் மீறல" என்றான் லோகேஷ். பவித்ரா எதுவும் கேட்கவில்லை. "ஊர் முன்னாடி மானத்தை வாங்குனவ என்னத்தக் கேக்குறது?" என்றார் சுகன்யாவின் மாமியார்.

சொல்லுங்கள், மூவரில் யார் செய்தது சரி? நீங்களாக இருந்தால் பிள்ளையை யார் மடியில் வைப்பீர்கள்?

விடை: தினகர் என்று சொன்னவர்கள், அந்தக் கண்ணாடி பட்ட இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். அவன் திரும்பி வந்தது அதிர்ஷ்டம், சாமர்த்தியம் இல்லை. லோகேஷ் செய்தது பாதி சரி. தள்ளாடியவனைத் தடுத்தவன் நேராக நின்றவனைப் போகவிட்டான். அரை டம்ளரும் குடிதான். உயிர் போகிற இடத்தில் சத்தியத்தை உடைத்தவள் பவித்ரா ஒருத்திதான். "சித்தி மடியில எந்த ஊர்ல காது குத்துறாங்க?" என்று மாமியார் கேட்டார். "இந்த ஊர்ல" என்று சுகன்யா பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். பிறகு, தூரத்தில் தலை குனிந்து நின்ற தம்பியைப் பார்த்துக் கத்தினாள்: "தோடு இல்லேன்னா ஆசாரிகிட்ட தங்கக் கம்பி இருக்கும்டா, அதுல குத்தியிருப்போம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"