கொண்டையில் தொங்கிய குத்துவாள்

கடலோரமாக இருந்த வெண்மணல் நாட்டை வெகு காலத்துக்கு முன்பு கீர்த்திவளவன் என்றொரு அரசன் ஆண்டான். காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றுவான். கடைசியாக யார் புகழ்ந்தார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவனுக்கு நியாயம். அவனோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர் மந்திரி ஆதிநாதர்.

ஒருநாள் மந்திரி அவைக்குள் நுழைந்தபோது, ஆப்பிரிக்காவின் நூபிய நாட்டுக் குதிரை வணிகர் இத்ரீஸ் கைகள் கட்டப்பட்டு நின்றார். அருகில் வெட்டுக்கட்டை.

"என்ன நடக்கிறது இங்கே?"

ஆயுதசாலைத் தலைவன் குலோத்தமன் முந்திக்கொண்டான். "என் பாட்டனார் போரில் ஏந்திய குத்துவாளை அரசருக்குக் காணிக்கை தந்தேன், மந்திரியாரே. இந்தப் பரதேசி அதைத் தன்னுடையது என்கிறான்! பொய் சொன்னதற்கு வலக்கையை வெட்டச் சொல்லிவிட்டார் அரசர்."

இத்ரீஸ் வருடந்தோறும் வந்து போகிறவர். நம் பேச்சு அவருக்கு நன்றாக வரும். "விடுதியில் குளிக்கும்போது கழற்றி வைத்தேன், ஐயா. திரும்பி வந்தால் காணவில்லை. எங்கள் ஊரில் செய்தது அது. முதலைத்தோல் உறை, கருங்காலிப் பிடி."

"நம் ஆற்றில் முதலை இல்லையா? நம் காட்டில் கருங்காலி இல்லையா?" என்றான் குலோத்தமன்.

"அதானே!" என்றான் அரசன்.

நம்மை நம்பிக் கப்பலேறி வந்தவர். பொருளையும் பறித்துக்கொண்டு கையையும் வெட்டுவதா? மந்திரிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அரசன் இன்னும் முறுக்கிக்கொள்வான். பல்லைக் கடித்தபடி குத்துவாளை வாங்கிப் பார்த்தார். உறையின் பின்புறம் தோலால் பின்னிய ஒரு வளையம் இருந்தது.

"குலோத்தமரே, உங்கள் பாட்டனார் இதை எங்கே அணிந்தார்?"

"இடுப்பில்தான். வேறெங்கே?"

"அணிந்து காட்டுங்கள்."

குலோத்தமன் இடைக்கச்சையில் வளையத்தைக் கோத்தான். நடந்தால் குத்துவாள் தொடையில் மொத்தியது. உருவினால் உறையும் கூடவே வந்தது.

மந்திரி முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டார். "அந்தக் காலத்து வீரர்கள் இதைக் கொண்டையில் மாட்டிக்கொள்வார்களாமே?"

"ஆமாம், ஆமாம்! மறந்தே போனேன். கொண்டையில்தான்! பாட்டனாரின் கொண்டை ஊரறிந்ததாயிற்றே!"

மாட்டினான். குத்துவாள் நெற்றியில் ஊசலாடியது.

"அதோ, எதிரி வந்துவிட்டான். உருவுங்கள்!"

இழுத்தான். வளையம் நழுவி மூக்கில் வந்து மாட்டியது. அவை குலுங்கிச் சிரித்தது. அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். மந்திரி சிரிக்கவில்லை.

"கொண்டைக் கதை நான் இப்போது இட்டுக்கட்டியது, அரசே. இவர் பாட்டனாருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த மனிதரின் கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள்."

கட்டு அவிழ்ந்ததும் இத்ரீஸ் இடது சட்டைக்கையைச் சுருட்டினார். முழங்கைக்கு மேலே தோல் காய்த்துப்போய், வளையம் போல ஒரு தடம். குத்துவாளை வாங்கி அதன் வளையத்தை அந்தத் தடத்தில் ஏற்றினார், அசையாமல் உட்கார்ந்தது. வலக்கை குறுக்கே போனதுதான் தெரியும், கத்தி வெளியே மின்னியது.

"எங்கள் பக்கத்தில் மாடு மேய்ப்பவர் முதல் தலைவர் வரை இப்படித்தான் அணிவோம்," என்றார்.

"இந்தத் தழும்பு நேற்று வந்ததா, அரசே?" என்று கேட்டார் மந்திரி.

குலோத்தமன் பதவியை இழந்தான். இத்ரீஸின் குதிரைகளுக்கு லத்தி அள்ளும்படி உத்தரவானது. அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி, "உம் புத்திக்கு இது!" என்று நீட்டினான்.

மந்திரி கை நீட்டவில்லை. "'எங்கே அணிந்தார்?' என்றுதான் நான் கேட்டேன். அதை நீங்களே கேட்டிருக்கலாம். நான் சற்றுத் தாமதித்து வந்திருந்தால் இவர் கை எங்கே கிடந்திருக்கும்?"

அரசன் மாலையை வைத்துவிட்டுப் படியிறங்கி வந்தான்.

"தவறு என்னுடையது. அடுத்த வருடமும் நீங்கள் வர வேண்டும்," என்றான் இத்ரீஸிடம்.

இத்ரீஸ் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அதைக் கப்பல் ஏறிய பிறகு யோசிக்கிறேன், அரசே."